பொன்னுருக்கன்று நான் நிற்கும் இடம்

ஓம், ஆடினேன். கை கோத்துத்தான் ஆடினேன். என் இடது கை மிலிட்சாவிடம் இருந்தது, வலது கை அவளுடைய கணவர் ராதேயிடம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ராஸ் அல் கைமாவில், யூகோஸ்லாவியர்களின் காம்ப் முற்றத்தில், சாப்பாட்டு மண்டபத்துக்கு முன்னால் இருந்த சீமெந்துத் தரையில். நீ கட்டப்போகிற வதனியின் பெரியப்பா சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நீ டெலிபோனில் குரலைத் தணித்துக் கேட்டாய்: "அம்மா, அவர் சொல்லுறது உண்மையே?" தணித்திருக்க வேண்டாம். துபாயில் உன் பக்கத்து மேசைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வெட்கமும் இல்லை. ஓம் என்று அப்போதே சொன்னேன். அதற்குப் பிறகு நீ சொன்னதைக் கேட்டுத்தான் ரிசீவரை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து உன்னோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருக்கிறேன். சமைக்கும்போது, பஸ்ஸில், டைப் அடிக்கும்போது. இது அந்தப் பேச்சு.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிறகு நான் மாற்றிச் சொன்னேன் என்று வரக்கூடாது. "அம்மா, அவையளும் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. பொன்னுருக்கு அண்டைக்கு நீங்கள் அந்த ரூமுக்குள்ள இருந்தாச் சரி. கொஞ்ச நேரம்தானே. தோஹா மாமி வந்து முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்வா." அந்த ரூம். என் படுக்கையறை. என் வீட்டில், நான் வாடகை கட்டுகிற வீட்டில், என் மகன் கட்டப்போகும் தாலிக்குப் பொன் உருக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். ஏனென்றால் உன் அப்பா இறந்துவிட்டார். அதற்கு மேல், நான் ஆடினேன். முதல் காரணம் போதாதென்று இரண்டாவதைச் சேர்த்தார்களா, இரண்டாவதை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு முதலாவதைச் சொன்னார்களா, தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். விதவை அசையக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

சண்டை நடக்கிற ஊரில் இன்றைக்கு எந்த மண்டபத்திலும் கல்யாணம் வைக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்தோம். கொண்டுவரும்போது எவ்வளவு மாற்றினோம் என்று கவனித்தாயா? பொன்னுருக்கன்று முற்றத்தில் முள்முருக்கு நட வேண்டும். இந்த ஊரில் முள்முருக்குக்கு எங்கே போவது? ஈச்சங்கன்று வைக்கலாம், அதுவும் தொட்டியில் வைக்கலாம் என்றார் வதனியின் அப்பா. ஆசாரி ஊர் ஆசாரியாக இருக்க வேண்டும். துபாய் நகைக்கடையில் வேலை செய்யும் பெங்காலி வருகிறான், நல்ல பொடியன், பரவாயில்லை என்றார்கள். உமிக் கரி இல்லை, காஸ் அடுப்பு. மேளம் இல்லை, கசெட். சுபவேளை கொழும்பில் கணித்தது. இங்கே மணி வேறு, அதையும் சரிக்கட்டிக்கொண்டார்கள். மரத்தை மாற்றலாம், மனிதரை மாற்றலாம், நெருப்பை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். நான் நிற்கும் இடத்தை மட்டும் மாற்ற முடியாது. பாலைவனத்துக்கு நாங்கள் உடையாமல் கொண்டுவந்து சேர்த்த ஒரே சாமான் அதுதான் போலிருக்கிறது.

தோஹாவில் இருந்து உன் மாமி டெலிபோன் எடுத்தாள். உன் அப்பாவின் தங்கை; கெட்டவள் இல்லை. "மச்சாள், குறை நினையாதேங்கோ. எனக்கும் மனசில்லை. ஆனா சனம் கதைக்கும்." எந்தச் சனம் என்று கேட்டேன். "சனம்தான் மச்சாள்." பெயர் சொல் என்றேன்.  "உங்களுக்கு எப்பவும் பகிடி" என்றாள். நான் பகிடி விடவில்லை. உண்மையிலேயே ஒரு பெயர் தேவைப்பட்டது. ஒருவரும் இல்லாத சனம் ஒன்று எங்களை ஆள்கிறது. அதற்கு விசா தேவையில்லை. பொறுப்பு நிற்கும் கஃபீல் தேவையில்லை. எந்த ஊருக்கும் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நீ மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் இங்கே நடந்தது பாதி உனக்குத் தெரியாது. மீதிப் பாதி தெரியும், மறந்துவிட்டாய். அப்பா சீமெந்து ஃபாக்டரியில் மேசையில் சாய்ந்தபடியே போனார். அவரை ஊருக்குக் கொண்டுபோனோம். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் நீ நின்றாய். எனக்கு என்னென்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்காக உன்னை மெச்சுகிறேன். அவருடைய விசாவில்தான் நான் இங்கே இருந்தேன். அவரோடு அதுவும் போயிற்று. உன் படிப்பு நடக்க வேண்டும். பேராதனைப் பட்டமும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற டைப்பிங் சான்றிதழும் வைத்துக்கொண்டு அலைந்தபோது, மலைப் பக்கம் வீதி போட வந்திருந்த யூகோஸ்லாவியக் கொம்பனி ஒன்று வேலை தந்தது. விசாவும் தந்தது. இந்த நாட்டில் இரண்டும் ஒன்றுதான். வெள்ளைச் சேலையோடு வேலைக்குப் போனேன். முதல் நாளே ஒரு பெரிய பெண், சமையலறையில் இருந்து மாவுக் கையோடு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சிஸ்டர், யூ நேர்ஸ்?"

"மாஃபி நேர்ஸ். ஆஃபிஸ். டைப்பிங்."

"வெள்ளை ஏன்?"

எனக்கு இங்கிலீஷ் தெரியும். அவளுக்குத் தெரியாது. காம்பில் எல்லாரும் பேசும் அரைகுறை அரபில் சொல்ல வேண்டியிருந்தது: மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது. "ஹஸ்பண்ட் கலாஸ்."

வேறு யாராவது கேட்டால் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. மாவுக் கையால் என் கன்னத்தைப் பிடித்தாள். அன்று முழுவதும் கன்னத்தில் மாவோடு டைப் அடித்தேன். அது மிலிட்சா. பொஸ்னியாவில் ஒரு மலைப் பள்ளத்தாக்கு அவளுடைய ஊர். குளிர்காலத்தில் வீட்டுக் கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி விழுமாம். ராதே அங்கே கல்லுடைக்கிறவர், இங்கே ஃபோர்மன். ராதே என்று முதலில் கேட்டபோது, எங்களிடம் அது பெண் பெயர், கண்ணனின் காதலி என்றேன். அந்த மீசைக்காரர் அதைக் காம்ப் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் என்னை "கிருஷ்ணா மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

அவர்களுடைய ஆட்டத்துக்குக் கோலோ என்று பெயர். வட்டம் என்று அர்த்தமாம். வெள்ளிக்கிழமை வெயில் தணிந்ததும் தொடங்கும். மற்ற ஊர்க்காரர் அக்கோர்டியன் வாசித்து ஆடுவார்கள். அது எங்கேயும் பார்க்கக்கூடியதுதான். மிலிட்சாவின் பள்ளத்தாக்குக்காரர் ஆடும்போது அக்கோர்டியனைக் கீழே வைத்துவிடுவார்கள். பாட்டும் இல்லை. காலடி மட்டும். ராதே ஒரு சொல் அதட்டுவார், வட்டம் முழுவதும் அடியை மாற்றும். சப்பாத்து சீமெந்தில் விழும் சத்தம், மூச்சு, ஊரில் என்றால் பெண்களின் மார்பில் தொங்கும் காசுமாலை. இங்கே காசுமாலை ஏது? மிலிட்சாவின் இடுப்பில் களஞ்சியச் சாவிக்கொத்து குலுங்கும். அதுதான் வாத்தியம். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே சத்தம். அந்த நாட்களில் எனக்கு ரேடியோவில் பாட்டுக் கேட்கவும் மனம் கூசும். பாட்டே இல்லாத ஆட்டம் என்பதால்தான் ஜன்னலைச் சாத்தாமல் பார்த்தேன்.

அவர்கள் தேவர்கள் என்று நான் எழுதப்போவதில்லை. வெளிநாட்டு ஆளைக் கண்டால் உடனே உருகிப்போகிறவள் இல்லை நான். அந்த வட்டத்துக்கும் சட்டம் உண்டு, கடுமையான சட்டம். வட்டம் முழுதாக மூடியிருக்காது; வாலில்தான் சேர வேண்டும், தலைப் பக்கம் போய்ச் சேரக்கூடாது. நிச்சயமான இருவருக்கோ கணவன் மனைவிக்கோ நடுவில் கையைப் பிரித்து நுழைவது பெரிய அவமானம். ஊரில் அதற்குக் கத்தி எடுத்த கதைகள் இருக்கின்றன. ஒருவன் கூப்பிட்டு ஒரு பெண் மறுத்தால், அன்றைக்கு வேறு யாரோடும் அவள் ஆடக்கூடாது. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதும் அங்கேதான். பையன் அவளை வட்டத்துக்கு வெளியே இழுத்துச் சுழற்றுவான், பலம் கொண்ட மட்டும். பையனின் தாய் ஓரத்தில் நின்று பார்ப்பாள்: தடுமாறுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா. "சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பார்கள்," என்றாள் மிலிட்சா. "எனக்குக் காலைப் பார்த்தார்கள்." பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ராதே, கோப்பையில் இருந்து முகத்தை எடுக்காமலே, "பல்லையும் பார்த்தோம்" என்றார். அவள் துணியால் அவரை அடித்தாள். ஆனால் இன்னொன்றைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அக்காவைப் பற்றி யாரோ எதையோ சொன்னார்களாம். அடுத்த ஆட்டத்தின்போது வட்டம் நின்றது. பெரியவர் ஒருவர் வந்து அக்காவின் கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்க, வெளியே கொண்டுபோய் விட்டார். சொன்னது பொய் என்று பிறகு தெரிந்ததாம். யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் நகரத்து ஃபாக்டரி ஒன்றுக்குப் போனாள், பிறகு ஊர்ப் பக்கமே வரவில்லை.

அதனால்தான் மிலிட்சா என்னை விடவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்தது. நீ மெட்ராஸில் ஒரு கோயிலில் செய்தாய். பிறகு நண்பர்களோடு படம் பார்க்கப் போனதாக எழுதியிருந்தாய். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே. பிள்ளைக்குத் துக்கம் ஒரு வருடம். வருடம் முடிந்தது, நீ வெளியே வந்தாய். அந்த வாரம் மிலிட்சா என் ரைப்ரைட்டருக்குப் பக்கத்தில் ஒரு தட்டுப் பணியாரத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்: "உன் துக்கம் எப்போ கலாஸ்?"

"மாஃபி கலாஸ்."

"ஒன் இயர்?"

"மாஃபி. ஆல்வேய்ஸ்."

"ஹூ சே?"

யார் சொன்னது. பட்டப்படிப்பில் மூன்று மொழி இலக்கியம் படித்தவள். ஒரு சமையல்காரியின் இரண்டு சொல் கேள்விக்கு முன்னால் ரைப்ரைட்டரில் தாளை மாற்றிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. அதற்கு முந்தின மாதம் மேல்மாடித் தஞ்சாவூர்க்காரி வளைகாப்புக்குக் கூப்பிட்டிருந்தாள். எல்லாரும் போன பிறகுதான் படியேறினேன். "என்னக்கா, இப்பத்தான் வர்றீங்க?" என்றாள், உண்மையான ஆச்சரியத்தோடு. அவளுக்கு என்னை ஒதுக்கும் எண்ணமே இருக்கவில்லை. நானே ஒதுங்கியிருந்தேன். பூட்டைப் போடச் சனம் வரவில்லை. நானே பூட்டிக்கொண்டு சாவியை வெளியே எறிந்திருந்தேன்.

அவர்கள் ஊர் வழக்கம் இது. வருடம் முடிந்ததும் துக்கக்காரர் தானாகக் கோலோவுக்கு வரக்கூடாது. குடும்பத்தில் இல்லாத ஒருவர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிச்செல்ல வேண்டும். பாட்டில்லாமல், மெதுவாக, ஒரு முழு வட்டம். அதுவரைக்கும் வட்டத்தில் உள்ளவர்கள் சத்தமாகக் கால் வைக்க மாட்டார்கள். அது முடிந்தால் துக்கம் முடிந்தது. பிறகு அவளைப் பார்த்து யாரும் எதையும் சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவனுக்குத்தான் இழுக்கு. அந்த வெள்ளிக்கிழமை நான் சம்பளத் தாள்களை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மிலிட்சா வட்டத்தை விட்டு வந்தாள். வந்து என் கைப்பையை வாங்கி ஒரு கதிரையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. "நோ," என்றேன். "யல்லா," என்றாள்.

என்னை வாலில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்று நினைத்தேன். அங்கேதான் புதியவர் சேர வேண்டும். அவள் அப்படிச் செய்யவில்லை. தான் நின்ற இடத்துக்கே கூட்டிப்போனாள். ராதே தன் கையை நீட்டிக்கொண்டு நின்றார், அவள் விட்டுவந்த கை. அந்தக் கையில் என் கையை வைத்தாள். என் மற்றக் கையைத் தான் பிடித்துக்கொண்டாள். தங்களுக்கு நடுவில். கணவன் மனைவிக்கு நடுவில் கேளாமல் நுழைந்தால் கத்தி எடுக்கிற ஊர்க்காரர், அந்த இடத்தைத் திறந்து எனக்குத் தந்தார்கள். அதைவிடப் பெரிய மரியாதை அவர்களிடம் இல்லை. ராதே ஒரு சொல்லும் அதட்டவில்லை. ஒவ்வொரு அடியாக நகர்ந்தோம். சேலையில் கால் சிக்கியது. யாரும் சிரிக்கவில்லை. என் கண்ணில் முற்றத்தின் வேலியும், மண் ஏற்றும் லொறிகளும், சாப்பாட்டு மண்டபக் கதவும் ஒவ்வொன்றாக வந்து போயின. சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் நின்றதும் ராதே, "கிருஷ்ணா மேடம், கலாஸ்" என்றார். பிறகு அதட்டினார். சீமெந்து அதிர்ந்தது. அதைத்தான் வதனியின் பெரியப்பா பார்த்தார்.

அவர் அந்தக் கொம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். மண்டப வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் தட்டு, தட்டில் அவர்கள் சுட்ட ஆட்டிறைச்சி. நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் வெளியே வந்தபோது மேலும் ஒரு துண்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்களுடைய இறைச்சியைச் சாப்பிடலாம். அவர்களுடைய சம்பளத்தில் ஊரில் மேல்மாடி கட்டலாம். அவர்கள் கையைத் தொட்டவளின் நடத்தையை ஆறு வருடம் பத்திரமாகச் சுமந்து வந்து, கல்யாணப் பேச்சில் இறக்கி வைக்கலாம். "நல்ல மனிசி, படிச்ச மனிசி, ஆனா வெள்ளைக்காரன்ரை கையைப் பிடிச்சு ஆடினவ" என்றாராம். அந்த "ஆனா"வுக்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு கை அழித்துவிட்டது. எங்களுக்குக் கை பிடிப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். விழுந்தவளைத் தூக்குவதற்கும் கை தேவை என்று நினைக்க மாட்டோம்.

இப்போது உன்னிடம் வருகிறேன். மறந்துவிட்டாய் என்றேனே, அந்தப் பாதி. அந்த வருடக் கோடை விடுமுறைக்கு வந்தாய். மிலிட்சாவின் பணியாரத்தை வெட்கமில்லாமல் தின்றாய். ஒரு வெள்ளிக்கிழமை வட்டத்தைப் பார்த்து நிற்க முடியாமல் ஓடிப்போய் நுழைந்தாய், எங்கே என்று பார்க்காமல். ஸ்டோயானுக்கும் மாராவுக்கும் நடுவில். நிச்சயமான இருவர். மாராவின் கையை நீ பிடித்தாய். கோலோ நின்றுவிட்டது. ஸ்டோயானின் காது சிவந்ததை நான் நின்ற இடத்தில் இருந்தே கண்டேன். எனக்கு உயிர் போய்விட்டது. நீ மட்டும், "என்ன நிண்டுட்டீங்கள்? வாங்கோ, வாங்கோ!" என்று தமிழில் கத்தினாய். ராதேதான் முதலில் சிரித்தார். பிறகு ஸ்டோயான். அவன் உன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மறுபக்கம் வைத்தான், பூனைக்குட்டி மாதிரி. தண்டனையாக எல்லாருக்கும் நீ பெப்சி வாங்கிக் கொடுத்தாய், என் காசில். இரவு சாப்பிடும்போது, "அம்மா, அந்த மாரா நல்ல வடிவு" என்றாய்.

நீ முறை தவறி நுழைந்தாய். அவர்கள் ஊரில் அதைவிடப் பெரிய பிழை இல்லை. நான் முறையாக, அழைக்கப்பட்டு, அதி உயர்ந்த இடத்தில் நின்றேன். வதனியின் பெரியப்பா அன்றும் வாசலில் இருந்தார், இரண்டையும் கண்டார். உன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னாரா? "மாப்பிள்ளை வெள்ளைக்காரியின்ரை கையைப் பிடிச்சவர், பொன்னுருக்கு அண்டைக்கு அவரும் ரூமுக்குள்ள இருக்கட்டும்" என்றாரா? நீயாவது சொன்னாயா, "நானும் ஆடினனான்" என்று? அதைக் கேட்கத்தான் டெலிபோனில் காத்திருந்தேன். ஒரு வசனம். அது வந்திருந்தால் நானே போய் அறைக்குள் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. தாய் மனம் அப்படி மட்டமானது. நீ சொல்லவில்லை. "கொஞ்ச நேரம்தானே" என்றாய்.

அவர்களிடம் வெளியே கொண்டுபோய் விடும் சடங்கு இருக்கிறது, கொடூரமான சடங்கு. உள்ளே கூட்டிவரும் சடங்கும் இருக்கிறது. எங்களிடம் முதலாவது மட்டும் இருக்கிறது. எப்போது எதை அகற்ற வேண்டும், எந்தக் கையால், எந்தத் திசை பார்த்து, எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். திரும்பக் கொடுக்க ஒரு வரியும் எழுதவில்லை. ஒரு சமூகம் தன் பெண்களை வெளியே விடத் தெரிந்து, உள்ளே கூப்பிடத் தெரியாமல் இருந்தால் அதை நான் ஆசாரம் என்று சொல்ல மாட்டேன். மறதி என்பேன். கோபம் வந்தால் களவு என்பேன். இப்போது கோபமாகத்தான் இருக்கிறேன்.

வதனியைப் பற்றி ஒன்று. இதைக் கல்யாண நேரத்தில் ஒரு தாய் எழுதக்கூடாது. எழுதுகிறேன். உனக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறவள் நான். அப்பாவுக்கும் கேட்டேன். ஒருநாள் வதனிக்கு ஒரு மகன் இருப்பான். அவனுக்கும் பொன் உருக்குவார்கள். அன்று நீ இல்லாவிட்டால் அவள் எங்கே நிற்பாள்? என்னை அறைக்குள் போகச் சொன்னபோது நீ அவளுக்கும் ஓர் அறையை ஒதுக்கி வைத்தாய். அவள் இன்னும் உன் வீட்டுக்கு வரவும் இல்லை. நீ அவளைக் கேட்டாயா? அவளுடைய அப்பாவை, பெரியப்பாவை, கொழும்பில் இருக்கும் ஐயரைக் கேட்டாய். அவளைக் கேள். புத்திமதி வேண்டுமென்றால் இதுதான் என்னிடம் இருப்பது: கட்டப்போகிறவளைக் கேட்காமல் வீட்டில் எந்தக் கதவையும் சாத்தாதே. கையைப் பிடித்தால் இழுத்துச் சுழற்றிப் பார்க்காதே, தாங்குகிறாளா என்று. அவளும் உன்னைச் சோதிக்கலாம். அப்போது விழாமல் நில். சனம் கதைக்கும் என்று யாராவது சொன்னால் பெயர் கேள்.

நீ கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியும். இரண்டு வீட்டாருக்கும் நடுவில் நிற்கிறாய், கல்யாணம் குழம்பிவிடும் என்று பயப்படுகிறாய், வதனியை உனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பயத்தில் மிக லேசாகத் தூக்கி ஓரத்தில் வைக்கக்கூடிய சாமான் எது என்று பார்த்தாய். அம்மா. அம்மா பேசாமல் போவாள். இதுவரை போயிருக்கிறாள். ஆத்திரம் அதில்தான். பெரியப்பா என்னைத் தெரியாமல் சொன்னார். நீ தெரிந்து சொன்னாய்.

உருக்கப்போகிற பவுண் என் அலுமாரியில் இருக்கிறது. அதே காம்பில், அதே முற்றத்துக்கு எதிரே, ஓவர்டைம் டைப் அடித்து வாங்கினது. அது தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. என் கையால் வாங்கிய பொன் நெருப்புக்கு முன்னால் போகலாம் என்றால், அந்தக் கையும் போகலாம். உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்க நான் கேட்கவில்லை. அந்த இடத்தை ஒருமுறை எனக்குத் தந்தவர்கள் இருந்தார்கள், போதும். ஓரத்தில், வாலில், ஒரு ஆள் நிற்கும் இடம். ஆனால் வட்டத்துக்குள்.

வதனி வீட்டார் வராமல் விடலாம். கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், நிறுத்தவும் கூடும். அதை யோசிக்காமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. யோசித்துத்தான் எழுதுகிறேன். அப்படி நடந்தால் நீ என்னோடு கதைக்காமல் இருப்பாய், கொஞ்சக் காலம். அதையும் தாங்குவேன். அறைக்குள் இருந்துகொண்டு ஆசாரியின் ஊதுகுழல் சத்தத்தைக் கேட்பதைத் தாங்க மாட்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்தேன். வரவேற்பறைச் சோபாவைச் சுவரோடு தள்ளி, நடுவில் இடம் விட்டேன். தோஹாவுக்கு டெலிபோன் எடுத்து, மாமியை விருந்தாளியாக வரச் சொன்னேன்; அவள் அழுதாள், வருகிறேன் என்றாள். காம்புக்கு எடுத்து, மிலிட்சாவையும் ராதேயையும் வெள்ளிக்கிழமை பொன்னுருக்குக்கு வரச் சொன்னேன். நிறைகுடத்துக்கு என்று வாங்கி வைத்த பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். அலுமாரியில் இருந்து பவுணையும் வெள்ளிக்கிழமைக்கு உடுக்க மயில்நீலச் சேலையையும் வெளியே எடுத்தேன். படுக்கையறையை வெளியில் இருந்து பூட்டினேன். சாவியை இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். அந்த அறையை யாருக்காவது திறக்க வேண்டும் என்றால், நீயே வந்து திற.